1991இல் இந்தியா எதைத் திறந்தது, எதைத் திறக்காமல் விட்டது? ஆறாம் படிவ மாணவர்களுக்கு விளக்க வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை:

வணக்கம். மலேசியாவில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கான வார இறுதிப் பொருளியல் வகுப்பில் அடுத்த பாடம் இந்தியாவின் பொருளாதாரத் தாராளமயம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "1991இல் மன்மோகன் சிங் சந்தையைத் திறந்தார், இந்தியா வளர்ந்தது." தேர்வுத் தாளில் அதற்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். பாடம் புரிந்ததாக ஆகாது.

விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று உதவி கேட்கிறேன். அந்த ஜூன், ஜூலையில் எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது? நெருக்கடியைத் தீர்க்கச் செய்தது எது, நிலைத்து நின்ற மாற்றம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அடுத்து, இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு பொருளை வைத்து விளக்க ஆசை. செம்பனை எண்ணெய் பொருந்துமா? மூன்றாவது கேள்வி வகுப்பில் கட்டாயம் வரும். பாதிப் பேரின் பெற்றோர் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் பிறையிலும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். "திறந்துவிட்ட பிறகும் இந்தியாவில் ஏன் நம்ம ஊர் மாதிரி தொழிற்சாலை வேலை பெருகவில்லை?" என்று கேட்டால் நேர்மையான பதில் என்ன?

கிள்ளான் கணக்கர்:

டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அதுவே நீளும்.

அந்நியச் செலாவணியில் தொடங்குங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் குறைந்தது, வெளிநாட்டு இந்தியர்கள் வங்கிகளில் போட்டிருந்த டாலர் வைப்புகளை எடுக்க ஆரம்பித்தார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். ஆனால் அதற்கு முன்பே மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வணிகம் முதலியவற்றில் உள்ளே வரும் டாலரைவிட வெளியே போவது கூடுவது) 3 விழுக்காடு அளவில் இருந்தது. குறுகிய காலக் கடனை வாங்கி, அது முதிரும்போது புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போர் வந்ததும் புதுப்பிக்கக் கடன்காரர்கள் தயங்கினார்கள். 1991 ஜூனில் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை.

தங்கம் இரண்டு முறை வெளியே போனது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள், கவனம். மே மாதம் சந்திரசேகர் ஆட்சியில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு ஸ்டேட் வங்கி மூலம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். ஜூலையில் நரசிம்ம ராவ் ஆட்சியில், ரிசர்வ் வங்கி தன் சொந்தக் கையிருப்பிலிருந்து சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து 40 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது. இரண்டுக்கும் நடுவில் மே 21 அன்று ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார், தேர்தல் முடிந்தது, ஜூன் 21 அன்று புதிய அரசு பதவியேற்றது.

அதன்பின் வேகம்தான். ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 21 ரூபாய் அளவில் இருந்தது 26 ரூபாய்க்கு அருகே வந்தது. முதல் தவணைக்குச் சந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைச் செய்தார்கள். ஜூலை 4 அன்று வணிகத் துறை ஏற்றுமதி மானியத்தை நிறுத்தியது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த ஏற்பாட்டைத்தான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 100 டாலருக்கு ஏற்றுமதி செய்தவருக்கு 30 டாலர் மதிப்புள்ள "எக்சிம் ஸ்கிரிப்" என்ற சீட்டு கிடைக்கும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருளை அந்தச் சீட்டைக் காட்டி இறக்குமதி செய்யலாம். தனக்கு வேண்டாம் என்றால் வேண்டியவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிடலாம். இதனால் நடந்தது என்ன? ஏற்றுமதியாளருக்கான ஊக்கத்தொகை அரசின் கணக்கிலிருந்து போய், இறக்குமதியாளரின் பையிலிருந்து வர ஆரம்பித்தது. யார் இறக்குமதி செய்யலாம் என்று டில்லி அதிகாரி முடிவு செய்தது போய், சீட்டின் விலை முடிவு செய்தது. டாலர் ஈட்டாமல் டாலர் செலவழிக்க முடியாது என்பதும் தானாகவே அமைந்துவிட்டது.

இந்தச் சீட்டு முறை ஓராண்டு கூட இல்லை. 1992 மார்ச் 1 முதல் ஏற்றுமதியாளர் தன் டாலரில் 40 விழுக்காட்டை அரசு விலைக்குக் கொடுக்க வேண்டும், மீதி 60 விழுக்காட்டைச் சந்தை விலைக்கு விற்கலாம் என்று மாற்றினார்கள். அந்த 40, கச்சா எண்ணெய், உரம் போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்குப் போனது. 1993 மார்ச்சில் இரண்டு விலையும் ஒன்றாயின. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குப் பரிவர்த்தனைகளுக்கு ரூபாயைத் தடையில்லாமல் மாற்றலாம் என்று அனைத்துலக நாணய நிதியத்திடம் உறுதி கொடுத்தார்கள். மூன்று ஆண்டில் நான்கு படி. ஒவ்வொரு படியிலும் முந்தைய படி தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார்கள்.

ஜூலை 24 அன்று வரவு செலவுத் திட்டம். அதே நாள் புதிய தொழிற்கொள்கை அறிக்கையும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. என் கணிப்பில் வரவு செலவுத் திட்டத்தைவிட அறிக்கைதான் பெரிது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தொழிற்சாலைக்கு என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில் என்று மூன்றையும் உரிமத்தில் எழுதியிருப்பார்கள். ஆண்டுக்கு 10,000 பம்புக்கு உரிமம் உள்ளவர் தேவை இருக்கிறதே என்று கூடுதலாகச் செய்தால் அது சட்டமீறல். 18 தொழில்களைத் தவிர எல்லாவற்றுக்கும் அந்த உரிமம் ஒரே நாளில் போனது. அரசுத் துறைக்கென்று ஒதுக்கியிருந்த 17 தொழில்கள் 8 ஆயின. 100 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள குழுமம் விரிவாக்கத்துக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வாங்கும் நிபந்தனை நீங்கியது. முன்னுரிமைத் தொழில்களில் 51 விழுக்காடு வரை அந்நியப் பங்கு தானாக அனுமதிக்கப்பட்டது; பழைய பொது வரம்பு 40.

எல்லாமே திட்டமிட்டபடி நடக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். உர விலையை 40 விழுக்காடு ஏற்றுவதாக அறிவித்தார்கள். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து அது 30 ஆனது, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். உர மானியம் இன்று வரை பெரிய செலவாக நிற்கிறது.

கடைசியாக ஒன்று. மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது: 1991இல் கடைச் சரக்கு இறக்குமதி திறக்கப்படவில்லை. இயந்திரம், மூலப்பொருள், உதிரிப்பாகம் ஆகியவற்றுக்குத்தான் உரிமம் தளர்ந்தது. நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான், அதுவும் உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்ற பிறகு. சுங்க வரியின் உச்ச வீதமும் மெதுவாகத்தான் இறங்கியது. 1991இல் 150, 1992இல் 110, 1993இல் 85, 1994இல் 65, 1995இல் 50. வேளாண்பொருள் அல்லாதவற்றுக்கு 10 விழுக்காடு ஆனது 2007இல். முதலில் நாணயத்தின் மதிப்பைக் குறைத்ததால் உள்ளூர் உற்பத்திக்கு ஒரு காப்பு கிடைத்தது, அதன்பின் வரியைப் படிப்படியாக இறக்கினார்கள். வரிசை மாறியிருந்தால் இறக்குமதி பொங்கி, மிச்சமிருந்த டாலரும் போயிருக்கும்.

பிறை சரக்கு:

செம்பனை எண்ணெய் நன்றாகவே பொருந்தும். "ஒரு தடவை திறந்தால் திறந்ததுதான்" என்று பிள்ளைகள் நினைப்பதை உடைக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

1994 வரை இந்தியாவுக்குள் சமையல் எண்ணெய் கொண்டுவரும் உரிமை நடைமுறையில் அரசுக் கழகத்திடம்தான். ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மொத்தமாக வாங்கி, ரேஷன் கடைகளுக்கும் வனஸ்பதி ஆலைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். 1994இல் பாமோலினை (செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி) தனியார் இறக்குமதிக்குத் திறந்தார்கள், வரி 65 விழுக்காடு. அடுத்த ஆண்டே பெரும்பாலான சமையல் எண்ணெய்களுக்கு 30 விழுக்காடு. நம் ஆலைகளுக்கு இந்தியா மிகப் பெரிய வாடிக்கையாளர் ஆனது அதன் பிறகுதான்.

அதன்பின் வரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை விழுந்தால் ஏற்றுவார்கள், பண்டிகைக் காலத்தில் சமையல் எண்ணெய் விலை ஏறினால் இறக்குவார்கள். 2019 செப்டம்பரில் மலேசியாவிலிருந்து வரும் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும் 5 விழுக்காடு பாதுகாப்பு வரி போட்டார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி நமக்கு 45, இந்தோனேசியாவுக்கு 50 என்று வந்ததால் சரக்கு நம் பக்கம் சாய்ந்ததுதான் காரணம். 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த எண்ணெய் "தடையற்றது" என்ற பட்டியலிலிருந்து "கட்டுப்படுத்தப்பட்டது" என்ற பட்டியலுக்குப் போனது. காஷ்மீர், குடியுரிமைச் சட்டம் பற்றி அன்றைய நம் பிரதமர் மகாதீர் பேசியதை ஒட்டி வந்த முடிவு என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். அறிவிப்பில் எந்த நாட்டின் பெயரும் கிடையாது.

கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். 2024 செப்டம்பர் அறிவிப்பு: கச்சா செம்பனை எண்ணெய்க்கு அடிப்படை வரி 20 விழுக்காடு, அதோடு வேளாண் கட்டமைப்பு வரி 5, இரண்டும் சேர்ந்த 25இன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி. ஆக 27.5. சுத்திகரித்ததற்கு அடிப்படை 32.5, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு, ஆக 35.75. வித்தியாசம் 8.25. 2025 மே இறுதியில் கச்சாவின் அடிப்படை வரியை மட்டும் 10 ஆக்கினார்கள். 10உடன் 5 சேர்த்து, மேல்வரியும் சேர்த்தால் 16.5. சுத்திகரித்தது அப்படியே 35.75. வித்தியாசம் 19.25 ஆகிவிட்டது. 1,000 டாலர் சரக்கில் 82.50 டாலர் இருந்த இடைவெளி 192.50 டாலர். இனி இந்திய வியாபாரி கச்சா எண்ணெயை வாங்கி அங்கேயே சுத்திகரிக்கத்தான் பார்ப்பார். பிறையிலும் கிள்ளானிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு அந்த வேலை போனது போனதுதான்.

இதில் இந்தியாவை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நாமும் கச்சா எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி வைத்து, சுத்திகரித்ததை வரியில்லாமல் விடுகிறோம். நோக்கம் ஒன்றுதான், ஆலை தன் நாட்டில் ஓட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு. இந்தியச் சுங்கம் எண்ணெய்க்கு விலைப்பட்டியலில் போட்ட விலையின் மேல் வரி போடுவதில்லை. டன்னுக்கு இத்தனை டாலர் என்று அரசே ஒரு மதிப்பை அறிவித்து, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும். கப்பல் போய்ச் சேருவதற்குள் அது மாறினால் வியாபாரியின் கணக்கும் மாறும். 2020 செப்டம்பருக்குப் பிறகு உற்பத்தி நாட்டுச் சான்றிதழை மட்டும் நீட்டினால் சலுகை வரி கிடைத்துவிடாது. பொருள் எப்படி அந்த நாட்டு உற்பத்தி ஆனது என்ற விவரத்தை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும், சுங்கம் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் முழு வரி. சராசரி வரி குறைந்திருப்பதை மட்டும் பார்த்து "திறந்த சந்தை" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

பாயான் பாரு பொறியாளர்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலம் நம்முடையது அல்ல. குஜராத்தின் காண்ட்லா, 1965. பாயான் லெப்பாஸ் வந்தது 1972இல். ஏழு ஆண்டு முன்னால் தொடங்கியவர்கள் ஏன் பின்தங்கினார்கள்? காண்ட்லா கட்ச் பகுதியில், பெரிய நகரத்துக்கும் உதிரிப்பாகம் செய்வோருக்கும் தொலைவில் இருந்தது. மண்டலத்துக்குள் வந்த பிறகும் ஒவ்வொரு முடிவுக்கும் டில்லியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அன்றைய இந்தியாவின் கொள்கை ஏற்றுமதியை ஒரு பக்க வேலையாகத்தான் வைத்திருந்தது.

இங்கே 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து நின்றது, வேலையில்லாதவர்கள் நிறைய. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். நிலத்தைச் சமப்படுத்தி, தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாம் போட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொடுத்தார்கள். மின்னணுச் சில்லு எடை குறைந்த, விலை கூடிய பொருள். விமானத்தில் உள்ளே வரும், கம்பி இணைத்து, உறையிட்டு, சோதித்து, விமானத்திலேயே வெளியே போகும். 1971ஆம் ஆண்டுத் தடையற்ற வணிக மண்டலச் சட்டத்தால் உள்ளே வரும் பாகத்துக்கு வரி இல்லை. இன்டெல் 1972இல் வந்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவைதான்.

இதைச் சொன்னதும் "அப்படியென்றால் இங்கே உரிமமே இல்லை" என்று முடிவுக்கு வருவார்கள். இருக்கிறது. 1975ஆம் ஆண்டுத் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டப்படி பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டை எட்டினால், அல்லது முழுநேரத் தொழிலாளர் 75 பேரை எட்டினால், உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். ஆக உரிமம் இருப்பது பிரச்சினையில்லை. உரிமம் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் கேள்வி. இந்தியாவில் அது உற்பத்தி அளவைக் கட்டியது. அதற்கு மேல் இறக்குமதிக்கு ஓர் அனுமதி, டாலருக்கு ஓர் அனுமதி.

சரி, 1991இல் அது போன பிறகும் ஏன் வேலை பெருகவில்லை? வழக்கமான பதில் தொழிலாளர் சட்டம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி. 2020இல் நிறைவேறிய சட்டத்தொகுப்பு அதை 300 ஆக்கியது. இதற்குப் பங்கு உண்டு, ஆனால் முதல் இடம் இதற்கு இல்லை என்பேன். ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து ஆலைகள் இதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிட்டன. (அதன் சுமை முழுவதும் அந்தத் தொழிலாளி தலையில் விழுந்தது, அது தனிப் பேச்சு.)

முதல் காரணம் சிறுதொழில் ஒதுக்கீடு. 1967இல் 47 பொருளில் தொடங்கிய பட்டியல் 800ஐத் தாண்டியது. 1991 சீர்திருத்தம் இதைத் தொடவே இல்லை. சட்டை, பின்னலாடை, காலணி, பொம்மை, தோல் பொருள் என்று ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கக்கூடிய பொருள்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. இயந்திர முதலீடு 60 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்தப் பொருளை உள்நாட்டுக்குச் செய்ய முடியாது. பெருமளவை ஏற்றுமதி செய்வதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் விலக்கு.

வரம்பு நடைமுறையில் என்ன செய்யும்? நன்றாக ஓடும் ஆலை பெரிதாகாது. மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று பிரியும். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னுவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம், காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கிச் சீராக்குவது) ஓரிடம், வெட்டித் தைப்பது இன்னோர் இடம், எல்லாம் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுப்பது). ஊரே சேர்ந்து ஓர் ஆலை மாதிரி இயங்குவது பெரிய திறமைதான், அதை மதிக்கிறேன். ஆனால் வெளிநாட்டுக் கடை ஒரே நிறத்தில் லட்சக்கணக்கில் டி-சட்டை கேட்கும்போது, துணி பல சாயப்பட்டறைகளில் நனைந்தால் ஷேடு மாறும். முன்பக்கம் ஒரு தொட்டியில் நனைந்த துணி, கை இன்னொரு தொட்டியில் நனைந்தது என்றால் வெளிச்சப் பெட்டிக்குள் வைத்ததும் தெரிந்துவிடும். முழு லாட்டும் திரும்பும். அந்த ஆர்டர்கள் ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோரை வைத்துத் தைக்கும் வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போயின. நாடுவாரியாக ஏற்றுமதி அளவைக் கட்டிவைத்த உலக ஜவுளிக் கோட்டா 2005 ஜனவரி 1 அன்று நீங்கியது. அந்த வாய்ப்புக்கு முன்னால் பெரிய ஆலைகளைக் கட்டி வைத்திருக்க வேண்டிய பத்து ஆண்டைத்தான் இந்தியா இழந்தது.

பட்டியலின் கடைசி 20 பொருள்களை எடுத்தது 2015 ஏப்ரலில். ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பூட்டு, கண்ணாடி வளையல் எல்லாம் அதில் இருந்தன. "1991இல் எல்லாம் திறந்தது" என்று சொல்லும் பிள்ளையிடம் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள்.

மின்சாரம், சரக்குக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வேளாண் மின்சாரத்தையும் பயணிகள் ரயில் கட்டணத்தையும் மலிவாக வைக்க, தொழிற்சாலை மின்கட்டணத்தையும் ரயில் சரக்குக் கட்டணத்தையும் ஏற்றி வைத்தார்கள். மென்பொருள் நிறுவனத்துக்குச் சரக்கு ரயிலும் துறைமுகமும் தேவையில்லை, 60 லட்ச வரம்பும் இல்லை. தடையில்லாத வழியில்தான் வளர்ச்சி ஓடியது.

விதிவிலக்கும் சொல்ல வேண்டும். உரிமம் போனதும் முதலீட்டுக்காக மாநிலங்கள் போட்டி போட ஆரம்பித்தன. தமிழ்நாடு தன் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் மூலம் நிலம் கொடுத்தது. ஃபோர்டு மறைமலை நகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை, வரித் தகராறு நடந்துகொண்டிருந்த நிலையில், 2014இல் மூடியது. இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன் பூட்டுகிறார்கள். அங்கே நடப்பது பாயான் லெப்பாசில் 1970களில் நடந்ததற்கு மிக அருகில் வருகிறது: வெளியிலிருந்து பாகம், உள்ளே உழைப்பு, திரும்ப வெளியே பொருள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்கிரிப் சீட்டும் வரிக் கணக்கும் அப்படியே வகுப்புக்குப் போகும். பொறியாளர் ஐயா, பூட்டும் ஊறுகாயும் எனக்கே புதிது.

ஒரே ஒரு சந்தேகம். வளர்ச்சி 1980களிலேயே தொடங்கிவிட்டது, ஆகவே 1991க்கு அவ்வளவு பெருமை கொடுக்க வேண்டியதில்லை என்றும் வாதம் இருக்கிறதே? வரைபடம் போடப் பார்க்கிறேன். எந்த எண்ணை நம்பிப் போடலாம்? வறுமைக் கணக்கையும் சேர்க்க விருப்பம்.

பிரிக்பீல்ட்ஸ் புள்ளியியல்:

அந்த வாதம் நியாயமான வாதம், ஒதுக்கிவிட வேண்டாம். 1950 முதல் 1980 வரை ஆண்டுக்குச் சுமார் 3.5 விழுக்காடு, பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா "இந்து வளர்ச்சி வீதம்" என்று பெயர் வைத்தது இதற்குத்தான். 1980களில் ஐந்தரை விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. வரைபடத்தில் வளைவு 1991இல் இல்லை, 1980 பக்கம் இருக்கிறது. பொருளியலாளர்கள் டானி ரோட்ரிக்கும் அரவிந்த் சுப்ரமணியனும் இதை வைத்துத்தான் வாதிட்டார்கள்: இந்திரா காந்தி 1980இல் திரும்பி வந்த பிறகு அரசு தொழில்துறையோடு இணக்கமாகப் போனதே திருப்பம் என்று. அரவிந்த் பனகாரியா மறுத்தார். எண்பதுகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று ஆண்டில் வந்தது, அதுவும் அரசு கடன் வாங்கிச் செலவழித்ததில் வந்தது, அந்தக் கடன்தான் 1991இல் வெடித்தது என்றார். எனக்குப் பனகாரியாவின் பக்கம் வலுவாகத் தெரிகிறது. கிள்ளான் கணக்கர் கொடுத்த 8 விழுக்காடு, 3 விழுக்காடு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காரணம் புரியும். எண்பதுகளின் வேகம் அப்படியே தொடர்ந்திருக்க முடியாது.

வங்கிப் பக்கம் யாரும் தொடவில்லை, அதையும் சேருங்கள். 1991இல் வங்கிக்குப் புதிதாக 100 ரூபாய் வைப்பு வந்தால் 38.50 ரூபாய் அரசுப் பத்திரங்களில் போட வேண்டும், 15 ரூபாய் ரிசர்வ் வங்கியில், கூடுதல் வைப்பு என்பதால் இன்னொரு 10 ரூபாயும் அங்கேயே. மொத்தம் 63.50 போனது. மீதியிலும் நாற்பது விழுக்காடு முன்னுரிமைத் துறைக்கு (வேளாண்மை, சிறுதொழில் போன்றவை). உரிமத்தை ஒழித்த பிறகு விரிவாக்கத்துக்குக் கடன் எங்கிருந்து வரும்? வங்கித் துறையை ஆராய அரசு அமைத்த நரசிம்மம் குழு 1991 இறுதியில் இதைக் குறைக்கச் சொன்னது, அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது. இதைச் சொன்னால்தான் 1992 முதல் 1997 வரையிலான ஆறரை விழுக்காட்டு வளர்ச்சிக்குக் காரணம் முழுமையாகும்.

திறக்காமல் விட்டதால் நன்மை வந்த இடமும் உண்டு. மூலதனக் கணக்கை (முதலீடும் கடனும் நாட்டு எல்லையைத் தாண்டி வந்து போகும் வழியை) இந்தியா பெரும்பாலும் மூடியே வைத்தது. பங்குச் சந்தைக்கு அந்நிய நிறுவன முதலீட்டாளர்களை 1992இல் விட்டார்கள்; ஆனால் நிறுவனங்கள் குறுகிய காலத்துக்கு டாலர் கடன் வாங்குவதை இறுக்கிப் பிடித்தார்கள். முழுமையாகத் திறக்கப் படிநிலை சொல்லி 1997இல் தாராபூர் குழு அறிக்கை கொடுத்தது. சில வாரங்களில் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்தது, அறிக்கை கிடப்பில் போனது. நம் பக்கம் 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு போட்டு ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்ட வேண்டி வந்தது, 2005 ஜூலை வரை. மாணவர்களின் பெற்றோருக்கு அந்த ஆண்டு நன்றாக நினைவிருக்கும். கேட்டு வரச் சொல்லுங்கள்.

எண்களுக்கு: வளர்ச்சி வீதத்தைக் கம்பி கம்பியாகப் போடாதீர்கள், மழை பொய்த்த ஆண்டெல்லாம் துள்ளும், பிள்ளைகள் அதையே பார்ப்பார்கள். தலா வருமானத்தை நிலையான விலையில் எடுத்து, மடக்கை அளவில் கோடாகப் போடுங்கள். சாய்வு மாறும் இடம் கண்ணுக்குத் தெரியும். உலக வங்கியின் தரவில் இந்தியா, மலேசியா இரண்டுக்கும் 1960 முதல் கிடைக்கும், ஒரே அடிப்படையில் இருக்கும். இந்திய அரசின் எண்களை நேரடியாக எடுத்தால் அடிப்படை ஆண்டைப் பாருங்கள். 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசை 2015இல் வந்தது, முறையும் மாறியது. பழைய வரிசையின் 2003-08 எண்ணோடு அதை ஒட்டவைத்தால் தப்பான சாய்வு வரும்.

வறுமைக்கு, டெண்டுல்கர் குழு வகுத்த வறுமைக் கோட்டின்படி மூன்று எண்கள் போதும்: 1993-94இல் 45.3, 2004-05இல் 37.2, 2011-12இல் 21.9 விழுக்காடு. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் 11 ஆண்டில் ஆண்டுக்கு முக்கால் புள்ளிக்குக் கீழ், அடுத்த 7 ஆண்டில் ஆண்டுக்கு இரண்டு புள்ளிக்கு மேல். திறப்பின் பலன் ஏழை வீட்டுக்கு வந்து சேரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் பிடித்தது என்று அதிலிருந்து வாதிடலாம். ஊரக வேலைத் திட்டம், கட்டட வேலை, கூலி உயர்வு எல்லாம் அந்த இரண்டாம் கட்டத்தில் வந்தவை என்றும் வாதிடலாம். இரண்டையும் மாணவர்களே எடுத்துப் பேசட்டும். நடுவில் உள்ள 1999-2000 எண்ணைச் சேர்க்க வேண்டாம். அந்த ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை ஒரே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்துக் கேட்டதால் பதில்கள் ஒன்றையொன்று இழுத்துவிட்டன, வறுமை உண்மையைவிடக் குறைவாக வந்தது. 2022-23 கணக்கெடுப்பும் வேறு முறை. ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்டார்கள். அதே கோட்டில் புள்ளியாக வைக்க முடியாது.

இன்னொன்று, அச்சைக் குறிக்கும்போது. இந்திய அரசின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், நம்முடையது ஜனவரி முதல் டிசம்பர். 1991-92 என்று இருப்பதை மலேசியாவின் 1991க்கு நேராக வையுங்கள், 1992க்கு நேராக அல்ல. நெருக்கடி ஆண்டே இடம் மாறினால் ஒப்பீடு முழுவதும் ஓராண்டு தள்ளிப்போகும்.